முன்சீட்டில் உட்கார்ந்த பேராயர்

அங்கே நிற்காதீர்கள் அம்மா, வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இப்படி நிழலுக்கு வாருங்கள். இந்தப் பெஞ்சில் உட்காரலாம். பேராயரைப் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்? கேட்கவே வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது. இருபத்திரண்டு வருஷம் இந்த மாதிரி முகங்களைத்தானே பார்த்தேன்.

மாடிக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. நிர்வாகக் கமிட்டி நடக்கிறது. நீங்கள் ஏறினால் வராந்தாவில் இருக்கிற குமாஸ்தா, "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இங்கேயே இருங்கள். கமிட்டி முடிந்தால் பேராயர் இந்தப் படியில்தான் இறங்குவார். இறங்கினால் இந்த வெள்ளைக் காரிடம்தான் வருவார். அவர் வரும்போது நான் சொல்கிறேன். நீங்கள் பாட்டுக்கு ஓடிப்போய் முன்னால் நின்றுவிடாதீர்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பேச்சை நான் எடுத்துக் கொடுக்கிறேன், அப்புறம் நீங்கள் பேசலாம்.

நான் யார் என்றா பார்க்கிறீர்கள்? என் பெயர் வேதக்கண். இந்தக் காரை ஓட்டினவன். பேராயரின் டிரைவர். போன அக்டோபர் வரைக்கும்.

இப்போது யாரும் ஓட்டவில்லை. அவரே ஓட்டுகிறார். இத்தனை சபைகள் சேர்ந்த ஒரு திருமண்டலத்துக்கே பேராயர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கிப் போகிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கமிட்டிக்காரர்களுக்கே பொறுக்கவில்லை. டிரைவர் வைத்தே தீர வேண்டும் என்று இன்றைக்கு அதையும் எடுத்திருக்கிறார்கள். ஆளை அவரே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார்களாம். அதனால்தான் நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவர் இறங்கி வந்ததும் ஒரே ஒரு வார்த்தை. "ஐயா, சாவிய என்கிட்டயே குடுங்க." அவ்வளவுதான். நாளைக் காலையில் அவர் சென்னைக்குப் போகிறார், திரும்பி வர அடுத்த மாதம் ஆகிவிடும். அதற்குள் வேறு எவனாவது வந்து உட்கார்ந்துவிடுவான். இன்றைக்கு விட்டால் போச்சு.

என்னை என்ன வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள் தெரியுமா? விடுதிப் பிள்ளைகளுக்குக் காய்கறி ஏற்றுகிற வேன். பின்னால் பேராயர் உட்கார்ந்து வந்த காலம் போய், இப்போது பூசணிக்காய் உட்கார்ந்து வருகிறது. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் அதுவும் உருண்டு போய் மூலையில் கிடக்கும். நான் குறை சொல்லவில்லை அம்மா. நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் எந்தச் சபை? ஓ, அந்தச் சபையை நடத்தின உபதேசியார் வீட்டம்மாவா? சொல்ல வேண்டாமா முதலிலேயே. உபதேசியார் எப்படி... அப்படியா. ஜனவரியிலா தவறிப்போனார்? கர்த்தர் ஆறுதல் தரட்டும். நல்ல மனுஷன் என்று கேள்வி. கோயிலுக்குப் பக்கத்து வீட்டில்தானே இன்னும் இருக்கிறீர்கள்? ஆமாம், அது சபை வீடு, அடுத்த உபதேசியாருக்கு ஒழித்துக் கொடுக்கத்தான் வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள்ளா? மகள் பன்னிரண்டாவது பரீட்சை எழுதுகிறாளா? பரீட்சை முடிகிற மட்டும் விட்டுவைக்கக் கேட்கப் போகிறீர்கள். ஒரு மாதம். இதெல்லாம் ஒரு காரியமா! அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நல்ல வேளை என்னிடம் வந்தீர்கள்.

உட்காருங்கள், உட்காருங்கள். அது தண்ணீர் கொண்டுபோகிற பையன். கமிட்டி முடிந்தால் முதலில் நாற்காலி நகர்த்துகிற சத்தம் கேட்கும். எனக்குத் தெரியாதா?

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எட்டாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் வேலையில் சுத்தம். பெரிய ஐயா இருந்தாரே, இவருக்கு முந்தின பேராயர், அவரைக் கேட்டால் சொல்வார். பேராயரின் கோலைப் பார்த்திருக்கிறீர்களா? பவனியில் கையில் பிடித்து வருவாரே, அது. அது முழுசாக டிக்கிக்குள் போகாது. மூன்று துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்திருப்போம். ஊர் எல்லையில் கார் நின்றதும் நான் திருகிப் பூட்டிக் கொடுப்பேன். மேல்வளைவு நேராக முன்னால் பார்க்க வேண்டும். அரைத் திருகு கூடினால் பக்கவாட்டில் பார்க்கும், போட்டோவில் அசிங்கமாக விழும். என் காலத்தில் ஒரு போட்டோவில் கோணல் காட்டுங்கள் பார்க்கலாம்.

பெரிய ஐயாவின் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஊர் எல்லையில் ஜனம் நிற்கும். பேண்ட் செட் நிற்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் குருத்தோலையோடு நிற்கும். கார் மெதுவாகப் போய் நிற்கும். நான் இறங்கிச் சுற்றி வந்து, பின்கதவைத் திறப்பேன். முதலில் ஐயாவின் கால் வெளியே வரும். காலைப் பார்த்ததுமே வேட்டுப் போடுவார்கள். அது ஒரு அழகு.

புது ஐயா வந்த முதல் நாள். நான் காரைத் துடைத்து, பின்சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து, கதவைத் திறந்து நிற்கிறேன். இவர் வந்தார். "ஸ்தோத்திரம் ஐயா" என்றேன். "ஸ்தோத்திரம்" என்றவர், பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்!

"ஐயா, உங்க எடம் பின்னால இருக்கு" என்றேன்.

"பின்னால உக்காந்தா உங்க முதுகைத்தானே பாக்கணும் வேதக்கண்ணு. இங்கன்னா ரோட்டப் பாக்கலாம்."

நான் என்ன சொல்ல முடியும்? ரோட்டைப் பார்க்கிறதுக்குத்தானே சம்பளம் கொடுத்து என்னை வைத்திருக்கிறார்கள்? அவருக்கு எதற்கு ரோடு? ஆனால் சொல்லவில்லை. நான் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. அன்றையிலிருந்து எனக்குக் கையே ஓடவில்லை. பக்கத்தில் பேராயர் இருக்கும்போது எப்படிக் கொட்டாவி விடுவது? எப்படித் தும்முவது? அவரோ பேசிக்கொண்டே வருவார். என் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பார். இந்தக் குளத்துக்குப் பெயர் என்ன என்பார். ரோட்டோரத்தில் எவராவது கை காட்டினால், "நிறுத்துங்க, ஏத்திக்கிடலாம்" என்பார். அங்கேதான் அம்மா வினை பிடித்தது.

கள்ளிவிளையில் திடப்படுத்தல் ஆராதனை, பிள்ளைகள் தலையில் பேராயர் கை வைத்துச் சபையில் சேர்க்கிற நாள். முப்பத்தாறு பிள்ளைகள். ஊர் திருவிழாக் கோலமாக இருக்கிறது. போகிற வழியில், கடற்கரைக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒரு மீன்காரப் பெண் கூடையோடு நிற்கிறாள். பஸ்ஸை விட்டுவிட்டாளாம். இவர் நிறுத்தச் சொன்னார்.

"ஐயா, மீன் கூடை" என்றேன்.

"ஆமா, தெரியுது" என்றார்.

அதுவும் நம்ம சபைகூட இல்லை, ஆர்.சி., கத்தோலிக்கம். கழுத்தில் பெரிய ஜெபமாலை. நான் வெள்ளைத் துண்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய? பின்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். கூடை மடியில். கள்ளிவிளைச் சந்தையில் இறங்கிக்கொள்வதாகச் சொன்னாள். சந்தை ஊருக்கு அந்தப் பக்கம். ஊர் எல்லை இந்தப் பக்கம். நான் என்ன, பறந்தா போக முடியும்?

எல்லையில் கார் நின்றது. பேண்ட் அடிக்கிறார்கள். அந்த ஊர்ச் சபைச் செயலாளர் சற்குணம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலையோடு வருகிறார். பேராயருக்கு மாலை போடும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், அது அந்தப் பக்கத்து மரியாதை. தலையைக் குனிந்துகொண்டே வந்தார். குனிந்துகொண்டே பின்கதவைத் திறந்தார். குனிந்துகொண்டே மாலையைப் போட்டார். நான் "சார், சார்" என்கிறேன், பேண்ட் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பின்னால் நின்றவன் வேட்டுக்குத் தீ வைத்துவிட்டான்.

மீன்காரி பதறிப்போய்க் கூடையும் மாலையுமாக வெளியே இறங்குகிறாள். "எனக்கு எதுக்கு ஐயா மாலை? நான் பஸ்ஸ விட்டுட்டுல்லா ஏறினேன்!" என்கிறாள். பிள்ளைகள் குருத்தோலையை ஆட்டிக்கொண்டு பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். சற்குணம் சார் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பேராயரும் சிரித்தார். முன்சீட்டிலிருந்து இறங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, மாலையைக் கழற்றப் போன அந்தப் பெண்ணிடம், "கெடக்கட்டும்மா, உங்களுக்கு நல்லாருக்கு" என்றார். கூடையை ஒரு பக்கம் அவரே பிடித்துக்கொண்டார். பேராயர் மீன் கூடை தூக்கிக்கொண்டு பவனி! நான் பின்னால் கோலோடு ஓடுகிறேன், கோலை வாங்கக் கை இல்லை அவருக்கு. பிரசங்கத்திலும் அதையே சொன்னார், மாலை சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று. ஜனம் கை தட்டியது. எனக்கு உள்ளே கொதித்தது. ஒரு வாரம் காரில் மீன் நாற்றம். எலுமிச்சம்பழம் அறுத்துத் தேய்த்தேன்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இந்த மனுஷனுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை. நாம்தான் காப்பாற்ற வேண்டும். யாராவது ஒருத்தர் அவருக்கும் ஜனத்துக்கும் நடுவில் நிற்க வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒருவர் நிறுத்தினால் பத்துப் பேர் வருகிறார்கள். ஒருவருக்கு இடமாற்றம், ஒருவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் சண்டை, ஒருவருக்கு மருமகள் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு பேராயர் கேட்கிற காரியமா? நானே கேட்டு, நானே நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவேன். "சொல்லிட்டேன், ஐயா ஜெபத்துல வச்சிருக்காக" என்பேன். சந்தோஷமாகப் போவார்கள். அவரிடம் சொன்னேனா? அவர் தலையில் இன்னும் பாரம் ஏற்றவா?

இல்லை, இல்லை. உங்கள் காரியம் வேறு. உங்களுடையதைக் கட்டாயம் சொல்வேன். உட்காருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காரில் அவருக்குக் கண் அசரும். முன்சீட்டில்தான், தலை ஜன்னலில் இடிக்க இடிக்கத் தூங்குவார். அதுதான் எனக்கு நல்ல நேரம். அவர் கண்ணை மூடினால் கார் நிற்காது. யார் கை காட்டினாலும் நிற்காது.

இப்படி இருக்கும்போதுதான் ஆறுதல்புரத்துக்காரர்கள் வந்தார்கள். உப்பளத்து ஜனம். பதினாலு குடும்பம். தகரக் கூரை போட்டு ஒரு ஜெப வீடு கட்டியிருக்கிறார்கள். அதில் பேராயர் வந்து ஒரு ஜெபம் செய்ய வேண்டுமாம். மனு கொடுத்து வரிசையில் வந்தால் ஒன்றரை வருஷம் ஆகும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய மூப்பர் இஸ்ரவேல், நெடுநெடுவென்று கறுப்பாக ஒருவர், பேராயர் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்து என்னைப் பிடித்தார்.

"டிரைவர் ஐயா, நீங்க எங்க ஊரு விலக்கத் தாண்டித்தான தெக்க போறீங்க? ஒரு அஞ்சு நிமிசம். ஊருக்குள்ள வரக்கூட வேண்டாம். விலக்குலயே ஒரு நாற்காலி போட்டு வைக்கோம். அதுல உக்காந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போகட்டும்."

"பார்ப்போம்" என்றேன். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்? முடியாது என்று அர்த்தம். அது யாருக்கும் தெரியும். இந்த ஜனத்துக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்த வழியாகப் போகிறோம். விலக்கில் மரத்தடியில் நிற்கிறார்கள். குளித்து, வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி, கையில் பூ. நடுவில் ஒரு மர நாற்காலி, கை வைத்தது, புதிதாக வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், வெயிலில் மின்னுகிறது. மேலே துண்டு விரித்திருக்கிறது. அவர் தூங்குகிறார். காரைப் பார்த்ததும் பாட ஆரம்பித்தார்கள். நான் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவேன்? நிகழ்ச்சி நிரலில் இல்லையே. கண்ணாடியில் பார்த்தேன். கார் தாண்டிப் போன பிறகும் பாடிக்கொண்டே நிற்கிறார்கள். நிறுத்த வேண்டியதுதானே?

மறுபடி ஒரு முறை. இந்தத் தடவை நாற்காலி ரோட்டுக்கு ஓரமாகவே வந்துவிட்டது. அன்றைக்கும் அவர் தூக்கம். அன்றைக்கும் போய்விட்டேன்.

மூன்றாவது முறை நாற்காலி நடு ரோட்டில்! நடு ரோட்டில் அம்மா! அதன் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். ஹாரன் அடித்தால் இவர் விழித்துக்கொள்வார். மெதுவாகப் பின்னால் எடுத்து, உப்பளத்துக்கு நடுவே வரப்பு மாதிரி ஒரு மண் பாதை போகும், அதில் இறக்கிவிட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்று. அந்தக் குலுக்கலில் முழித்துவிட்டார். இரண்டு பக்கமும் உப்புக் குவியல். திருதிருவென்று பார்க்கிறார்.

"வேதக்கண்ணு, இது எந்த ரோடு?"

"பாலம் வேலை நடக்கு ஐயா. சுத்திப் போறோம்."

"எந்தப் பாலம்?"

"இனிமேத்தான் கட்டப் போறாக ஐயா."

என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். பொய் சொன்னேன் என்கிறீர்களா? யாருக்காகச் சொன்னேன்? எனக்காகவா?

அடுத்த ஞாயிறு. ஆராதனை முடிந்து பேராயர் வீட்டு வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு லோடு ஆட்டோ வந்து நிற்கிறது. நாலைந்து பேர் இறங்குகிறார்கள். கடைசியாக அந்த நாற்காலியை இறக்குகிறார்கள்.

இஸ்ரவேல் மூப்பர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்குக் கீழே வைத்தார். துண்டால் தூசியைத் துடைத்தார். "ஐயா, உங்களால வந்து உக்கார முடியலன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் நாற்காலியக் கொண்டாந்துட்டோம். ஒரு நிமிசம் இதுல உக்காந்து எங்களுக்காக ஜெபம் பண்ணிட்டீங்கன்னா, திரும்பக் கொண்டுபோய் ஜெப வீட்டுல போட்டுக்கிடுவோம்."

"நான் எப்பம்ப்பா வரமுடியலன்னேன்?" என்றார் பேராயர்.

ஒருவரும் கையை நீட்டிக் காட்டவில்லை. மரியாதை தெரிந்த ஜனந்தான், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார்.

படியிறங்கி வந்து உட்கார்ந்தார். பேர் என்ன, எத்தனை பிள்ளைகள், உப்பளத்தில் எவ்வளவு நேரம் வேலை என்று ஒவ்வொருவராக விசாரித்தார். ஜெபம் பண்ணினார். பிறகு எழுந்து, "ஜெபத்த அங்க வந்து இன்னொரு தடவ பண்ணுவோம், வாங்க" என்றார்.

நான் ஓடிப்போய்க் காரை ஸ்டார்ட் செய்தேன். "வேண்டாம் வேதக்கண்ணு. நாற்காலி போற வண்டியிலயே போறேன்" என்றார்.

போனார் அம்மா. லோடு ஆட்டோவின் பின்னால் நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, கடைத்தெரு வழியாகப் போனார். பெரிய ஐயா காலத்தில் நடக்குமா இது? ஊரே பார்த்தது. நான் கோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தார். வேட்டியெல்லாம் உப்பு. "சாவியக் குடுங்க வேதக்கண்ணு" என்றார்.

"ஐயா, நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது வேதக்கண்ணு. நிறுத்தத் தெரியணும்."

எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் என் பிரேக்கைப் பற்றி ஒருவர் குறை சொன்னதில்லை. முட்டை வைத்துக்கொண்டு உட்காரலாம் என் வண்டியில். ஒரு நாற்காலிக்காக என்னைப் பூசணிக்காய்க்கு அனுப்பிவிட்டார். என் சம்சாரம் கேட்கிறாள், "அவுக கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டா என்ன கொறஞ்சா போவீக?" என்று. எதற்கு மன்னிப்பு? அவரைக் களைப்பில்லாமல் வைத்துக்கொண்டதற்கா? மன்னிப்பெல்லாம் இல்லை. சாவியைக் கேட்பேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "ஐயா, சாவிய என்கிட்டயே குடுங்க."

உஸ்ஸ். கேட்டீர்களா? நாற்காலி நகர்த்துகிறார்கள். முடிந்துவிட்டது. வருகிறார், வருகிறார். தனியாகத்தான் வருகிறார், நல்லதாய்ப் போயிற்று. நீங்கள் அப்படியே என் பின்னால் நில்லுங்கள். இல்லை, இன்னும் கொஞ்சம் பின்னால். அந்த மனுவைப் பைக்குள்ளேயே வையுங்கள், எடுத்த எடுப்பில் காகிதத்தை நீட்டினால் பயந்துவிடுவார். முதலில் உங்கள் காரியம், அப்புறம் என்னுடையது.

"ஸ்தோத்திரம் ஐயா. ஆமா ஐயா, நல்லாருக்கேன். வண்டியா? வண்டிக்கென்ன ஐயா, காய்கறிதான, ஓடுது. மொகமெல்லாம் வாடிக் கெடக்கே ஐயா, இன்னும் சாப்பிடலயா? மணி மூணாகப் போகுதே. சர்க்கரைய வச்சிக்கிட்டு இப்பிடி இருக்கலாமா? இவுகளா? இவுக... ஒண்ணுமில்ல ஐயா, நம்ம ஜனந்தான். சும்மா உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு வந்திருக்காக. அப்புறம் பேசிக்கிடலாம் ஐயா, ஒண்ணும் அவசரமில்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, ஐயா போகட்டும். எனக்கா? எனக்கு என்ன ஐயா, ஒரு கொறையும் இல்ல. ஒண்ணும் சொல்லணும்னு வரல. நீங்க மொதல்ல போய்ச் சாப்பிடுங்க. இந்தா, கதவத் தொறக்கேன்... இல்ல ஐயா, பழக்கத்துல பின்கதவத் தொறந்துட்டேன். சரி ஐயா. பாத்துப் போங்க ஐயா. ஸ்தோத்திரம்."

பார்த்தீர்களா அம்மா? எவ்வளவு களைப்பு முகத்தில்? இதற்குத்தான் சொல்கிறேன், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் அவருக்கு. இந்த நிலைமையில் போய் வீடு, பரீட்சை என்றெல்லாம்...

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன செய்துவிட்டேன்? என்னுடையதையும்தான் கேட்கவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும்...

அம்மா, எங்கே போகிறீர்கள்? ஓடாதீர்கள்! அப்படியெல்லாம் காருக்குப் பின்னால் ஓடக்கூடாது! வாட்ச்மேன், கேட்டைத் திற, நேரமாகிறது ஐயாவுக்கு! அம்மா, கண்ணாடியில் உங்களைப் பார்த்தால் நிறுத்திவிடுவார்! கையை ஆட்டாதீர்கள்!

நிறுத்திவிட்டார்.

ஐயையோ, கதவை வேறு திறக்கிறார். முன்கதவு. அம்மா, பின்னால் ஏறுங்கள், பின்னால்! பேராயர் பக்கத்தில் போய்... உட்கார்ந்துவிட்டாளே. மனுவை எடுத்துக் கையில் கொடுக்கிறாள். ஸ்டியரிங் மேல் வைத்து வாசிக்கிறார். சாப்பாட்டு நேரத்தில், கேட்டுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திக்கொண்டு. தலையை ஆட்டுகிறார். ஆட்டுகிறாரே.

அம்மா! உபதேசியாரம்மா! கேட்கிறதா? இறங்குகிறதுக்கு முன்னால் என் காரியத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்! சாவி என்று சொன்னால் போதும்! வேதக்கண் என்றால் அவருக்குத் தெரியும்!